நாற்பத்தொன்றாம் செய்தி

ராஜ்கமல் இறந்து நான்கு மாதம் கழித்து, பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, என் மேசை ஸ்பீக்கரில் அவனுடைய விசில் கேட்டது.

நான் அப்போது அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. நான் போடிநாயக்கனூரில் என் வீட்டு மாடி அறையிலிருந்து வேலை பார்க்கிறேன். "யாருப்பா அது விசிலடிக்கிறது? ஈஸ்வர், உங்க பக்கம்தானே?" என்று சிரித்தார் மேலாளர் சுஜாதா. பக்கத்து வீடு என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். மேசையோரம் நின்ற சின்னத் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

ராஜ்கமல்: இறங்கிட்டு வர்றேன்.

மறுநாள் பதினொன்று இருபதுக்கு மீண்டும் வந்தது. வியாழக்கிழமை பதினொன்று பத்தொன்பதுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க மூடாக்கு, வரவில்லை. சனிக்கிழமை வெயிலடித்தது, வந்தது. மேகம் இருந்தால் ராஜ்கமல் வருவதில்லை, வெயில் அடித்தால் வருகிறான். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் நாட்கள் மூன்று பங்காகக் கிடந்தன. திங்கள் முதல் வெள்ளி வரை நிரல் எழுதுவது. மாலையில் மொட்டை மாடியில் எதையாவது பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது: தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் பெட்டி, மழை அளக்கும் குடுவை, இப்படி. ஞாயிற்றுக்கிழமை மலை. மாலையும் ஞாயிறும் ராஜ்கமலோடு. அவன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் அடுப்பும் மின்விசிறியும் பழுதுபார்க்கும் மெக்கானிக். மலையடிவாரத்து ஊரான முந்தலுக்கு மேலே எந்தப் பாதை எந்த எஸ்டேட்டில் போய் முட்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அந்தச் சரிவுகளில் செல்போன் எடுக்காது. அதற்காக இருவரும் சேர்ந்து மூன்று பெட்டிகள் செய்தோம். ஒன்று கைப்பெட்டி, மலையேறுகிறவர் சட்டைப் பையில் இருக்கும். இரண்டாவது மலைப்பெட்டி, எஸ்டேட் ஓரத்துப் பாறையில் சூரியத் தகட்டோடு ராஜ்கமல் போல்ட் அடித்து நிறுத்தியது. மூன்றாவது என் மாடியில் இருக்கும் வீட்டுப் பெட்டி. கைப்பெட்டியில் பொத்தானை அமுக்கினால் செய்தி ரேடியோ அலையில் மலைப்பெட்டிக்குப் போகும். அது என் மாடிக்கு அனுப்பும். வீட்டுப் பெட்டி சத்தமெழுப்பி, எங்கள் இருவர் செல்போனுக்கும் தகவல் தரும்.

பொத்தான்கள் மூன்று. ஒன்று, ஏறிட்டேன். இரண்டு, இறங்கிட்டு வர்றேன். மூன்று, ஆள் வேணும். முதல் இரண்டுக்கும் ராஜ்கமலின் விசிலைப் பதிவு செய்து வைத்திருந்தோம். மூன்றாவதற்கு அவன் விளையாட்டாக மைக்கில் கத்தினான்: "மாப்ளே! ஏ மாப்ளே!" அதைச் சோதித்துப் பார்த்த அன்று என் மனைவி அனுசியா பயந்துபோய் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். அதன்பிறகு அந்தக் குரல் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை இருவரும் விடுப்பு எடுத்து ஏறுவதாக இருந்தோம். அன்று எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாக வேண்டியிருந்ததால் என்னால் நகர முடியவில்லை. "நீ சோலியப் பாரு, நான் போய்ட்டு வெரசா வந்துர்றேன்" என்று அவன் தனியாகப் போனான். மதியம் மழை பிடித்தது. மறுநாள் காலை எஸ்டேட் ஆட்கள் அவனை ஓடைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். பாறை வழுக்கி, தொடை எலும்பு முறிந்திருந்தது. எத்தனை மணிக்கு உயிர் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கைப்பெட்டி கிடைக்கவே இல்லை.

சாவு வீட்டில் அவன் மனைவி காளீஸ்வரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவரு ஏதாச்சும் அமுக்குனாராண்ணே?"

"ஒண்ணும் வரல தாயி" என்றேன்.

அது உண்மைதான். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஏன் வராமல் இருந்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மேசையில் ஒரு சுவிட்ச் உண்டு. அலுவலகக் கூட்டத்தின் நடுவே விசில் கேட்கக்கூடாதென்று நான் வைத்தது. ராஜ்கமல் அதன்மேல் காகிதம் ஒட்டி 'சோலி' என்று எழுதியிருந்தான். "உனக்குச் சோலின்னா மலையே வாயப் பொத்திக்கிறணும், அப்படித்தான மாப்ளே?" என்று கேலி செய்தான். சுவிட்சைப் போட்டால் வீட்டுப் பெட்டி சத்தம் போடாது, திரையிலும் காட்டாது. செய்தி தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக அதில் ஒரு நுணுக்கம் செய்தேன். மலைப்பெட்டி செய்தியை அனுப்பியதும் வீட்டுப் பெட்டி 'கிடைத்தது' என்று பதில் சொல்லும். பதில் வந்தால்தான் மலைப்பெட்டி அந்தச் செய்தியை நீக்கிவிட்டு அடுத்ததை எடுக்கும். சுவிட்ச் போட்டிருக்கும்போது பதில் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். மலைப்பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை அதே செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து சுவிட்சை எடுத்தால் எல்லாம் வரிசையாக வந்து சேரும். ஒரு செய்திகூட வீணாகாது என்று அப்போது எனக்கு ரொம்பப் பெருமை.

அந்த வியாழக்கிழமை ஒரு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். ஆறு பத்துக்கு எடுத்தேன். எதுவும் வரவில்லை. மழையில் மலைப்பெட்டி அணைந்திருக்கும், அவன் வேறு பாதையில் இறங்கியிருப்பான் என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து அவன் விசில் வர ஆரம்பித்த ஐந்தாம் நாள், காளீஸ்வரி மாடிப்படி ஏறி வந்தாள். ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறாள். சேலையெல்லாம் ஏலக்காய் வாசம். கையில் ராஜ்கமலின் செல்போன் இருந்தது. அதற்கும் தகவல் போகும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"இது என்னாண்ணே?" திரையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "தினம் பதினொன்னு இருவதுக்கு வருது. நேத்து வரலன்னதும் எனக்குக் கையே ஓடல. சூப்பர்வைசரு, ஏம்மா ஏலக்காயப் பாக்குறியா போனப் பாக்குறியாங்குறான். வீட்ல எங்க அத்த வெளக்கேத்தி வச்சிட்டாங்க. மகன் வழி தெரியாமச் சுத்துறானாம்."

"நீ என்ன நெனைக்கிற?"

"நான் என்னத்த நெனைக்க. பெட்டி செஞ்சது நீங்க ரெண்டு பேரு. ஒரு ஆளு இல்ல. மிச்ச ஆளுகிட்டதான கேக்கணும்."

இரண்டு நாளில் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் அன்று மாலையே விளங்கிவிட்டது.

ஒவ்வொரு செய்தியோடும் ஒரு எண் வரும். கைப்பெட்டியில் கடிகாரம் கிடையாது. பொத்தானை அமுக்க அமுக்க எண் ஒவ்வொன்றாக ஏறும். பதிவைத் திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வந்தது நாற்பத்தொன்று. புதன், நாற்பத்தொன்று. சனி, நாற்பத்தொன்று. தினமும் வந்தது ஒரே செய்தி, ஒரே அமுக்கல்.

பாறைக்கு மேலே நிழல் மரங்கள் உண்டு, மழையில் தழைத்த கிளைகள் சூரியத் தகட்டை மூடியிருக்க வேண்டும். எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டும் மொக்கச்சாமி அண்ணனிடம் போனில் விசாரித்தேன். போன வாரம்தான் கிளை கழித்ததாகச் சொன்னார். அந்த இடைவெளி வழியே, வெயில் உள்ள நாட்களில், பதினொன்றேகால் வாக்கில் சூரியத் தகட்டில் வெளிச்சம் விழுகிறது. செத்துக்கிடந்த மலைப்பெட்டி கண் விழிக்கிறது. மின்சாரம் போனாலும் அதன் நினைவகம் அழியாது, முதல் வேலையாக, வரிசையில் முன்னால் நிற்கும் செய்தியை அனுப்புகிறது. அனுப்புவதற்குத்தான் மின்சாரம் அதிகம் வேண்டும். தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் வீட்டு டியூப் லைட் மங்குமே, அதே மாதிரிதான். கெட்டுப்போன பேட்டரியால் தாங்க முடியாமல் பெட்டி அந்தக் கணமே அணைந்துவிடுகிறது. என் மாடியிலிருந்து போகும் 'கிடைத்தது' என்ற பதில் அதன் காதில் விழுவதில்லை. ஆகவே அது செய்தியை நீக்குவதும் இல்லை. மறுநாள் மீண்டும் நாற்பத்தொன்று.

பேட்டரியை மாற்றினால் ராஜ்கமல் விசிலடிப்பது நின்றுவிடும். அவ்வளவுதான் பழுது.

நான் எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் மற்றது உறைத்தது. நாற்பத்தொன்று வரிசையில் முன்னால் நிற்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஏதாவது நிற்கலாம். நாற்பத்தொன்று நீங்கினால் அது வெளியே வரும். பின்னால் ஒன்றுமில்லை என்றால் அவன் என்னைக் கூப்பிடவில்லை. இருந்தால், அந்த ஐந்து மணி நேரமும் அவன் கூப்பிட்டிருக்கிறான், நான் மலையின் வாயைப் பொத்தி வைத்திருந்திருக்கிறேன்.

அடுத்த மூன்று நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. பதினொன்று இருபது வரும். விசில் கேட்கும். கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிப் போடலாம்தான், கை வரவில்லை. நான்காம் நாள் அனுசியா என் பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, எதனாலன்னு தெரிஞ்சு போச்சுல்ல?"

"ம்."

"அப்ப அந்தப் புள்ளைக்குச் சொல்லாம எதுக்கு ஒக்காந்திருக்கீங்க? நீங்க அவரப் பாத்துப் பயப்படுறீங்களா, இல்ல அவளப் பாத்தா?"

சுஜாதாவிடம் விடுப்புச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, கூலிக்குப் போகும் பெண்களோடு, மொக்கச்சாமி அண்ணன் ஜீப்பில் காளீஸ்வரியும் நானும் ஏறினோம்.

"கம்ப்யூட்டரு மாப்ள வந்திருக்காரு, நெருக்கி ஒக்காருங்கத்தா" என்றார் அவர். "போன தடவ இவரு ஏறுனப்ப பையில எட்டு பேட்டரி, சோத்துப் பொட்டலம் ஒண்ணுகூட இல்ல. ராஜ்கமலுதான் தன் சோத்துல பாதியப் பிரிச்சுக் குடுத்தான்." பெண்கள் சிரித்தார்கள். பிறகு காளீஸ்வரியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். முந்தலைத் தாண்டி மலைச்சாலை வளைவுகள் தொடங்கின.

இறக்கிவிட்ட இடத்திலிருந்து பாறைக்கு ஒரு மணி நேர நடை. ஏலச்செடிகளுக்கு நடுவே ஈரமண் பாதை. ஆள் உயரத்துக்கு மேலே செடி, அதற்கு மேலே மரம். முன்னால் போகிறவரின் முதுகு நாலடியில் மறைந்துவிடும். ராஜ்கமல் முன்னால் போகையில் அவ்வப்போது விசிலடிப்பான், பின்னால் வருபவர் வழி தவறாமல் இருக்க. இரண்டு தடவை என் கால் தானாக நின்றது. விசில் கேட்கவில்லை, அது வர வேண்டிய இடத்தில் நின்றிருக்கிறேன்.

பாறையில் பெட்டி அப்படியே இருந்தது. போல்ட்டில் துரு. கீழே ஓடைச் சத்தம். காளீஸ்வரி அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள். நான் மூடியைத் திறந்தேன்.

உள்ளே மிளகு அளவில் ஒரு பொத்தான் இருக்கிறது. பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் நினைவகம் முழுக்க அழிந்துவிடும். பேட்டரியை மாற்றுகிற சாக்கில் அழுத்திவிடலாம். பெட்டி வேலை செய்யும், விசில் நிற்கும், அத்தை விளக்கை அணைத்துவிடுவார். பின்னால் என்ன நின்றது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. என் விரல் அதன்மேல் இருந்தது.

"அது என்ன பொத்தாண்ணே?" என்றாள் காளீஸ்வரி.

விரலை எடுத்தேன். "அமுக்குனா உள்ள இருக்கது எல்லாம் அழிஞ்சிரும்."

"உள்ள என்ன இருக்கு?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்சை, ஒரு மணியை, ஆறு பத்தை, சாவு வீட்டில் சொல்லாமல் விட்டதை. முடித்ததும் அவள் எழுந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேட்டரியப் போடுங்க" என்றாள்.

என் செல்போனை வயரால் பெட்டியில் இணைத்து, புதுப் பேட்டரியை மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. அணையவில்லை. செல்போன் திரையில் வரிகள் ஓடின.

நாற்பத்தொன்று, இறங்கிட்டு வர்றேன். கிடைத்தது. நீக்கப்பட்டது.

நாற்பத்திரண்டு, ஆள் வேணும். கிடைத்தது.

நாற்பத்துமூன்று, ஆள் வேணும்.

நாற்பத்துநான்கு, ஆள் வேணும்.

ஐம்பது வரை அதே. ஒன்பது தடவை. பிறகு ஐம்பத்தொன்று: இறங்கிட்டு வர்றேன். அதோடு வரிசை காலியானது.

காளீஸ்வரி என் கையிலிருந்து செல்போனை வாங்கி, வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. "இது எதுக்கு?"

"தெரியல. பொத்தான் மாறி அமுங்கியிருக்கலாம்."

"எறங்கிப் பாக்கலாம்னும் நெனச்சிருக்கலாம்."

"நெனச்சிருக்கலாம்."

இறங்கும் வழியில், செல்போன் எடுக்கும் முதல் வளைவில் அனுசியாவின் அழைப்பு வந்தது. அழுதுகொண்டிருந்தாள். "ஏங்க, அவரு கூப்புட்டாருங்க. மாப்ளே, ஏ மாப்ளேன்னு. ஒன்பது தடவ. நான் மாடிக்கு ஓடிப்போய் மலையப் பாத்து, இருங்கண்ணே வர்றாருங்கண்ணேன்னு கத்திட்டேன்." காளீஸ்வரிக்கும் அது கேட்டது. நான் துண்டித்த பிறகும் அவள் என் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜீப்பில் திரும்பும்போதுதான் பேசினாள். மலையேறும்போது வராத கோபம் இப்போது குரலில் இருந்தது.

"சுவிட்ச நீங்க போடலன்னா எல்லாம் சரியா வந்திருக்குமா?"

"வந்திருக்கும். அன்னிக்கு நாப்பத்தொண்ணுக்கு நான் பதில் சொல்லல. அதனால பெட்டி நிமிசத்துக்கு ஒருக்கா அதையே அனுப்பிட்டு இருந்திருக்கு. மழை மூட்டத்துல பேட்டரி அதுலயே தீந்துபோச்சு. 'ஆள் வேணும்' ஒண்ணுகூடப் பெட்டிய விட்டுக் கெளம்பல."

"ஏன் கெளம்பல?"

"வரிசைல பின்னால நின்னுச்சு. மொதல்ல வந்தது மொதல்ல போகும். அப்படித்தான் எழுதியிருந்தேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாத்தையும் ஒரே வரிசையிலயா விட்டீங்க? எங்க குடோன்ல நூறு சாக்கு அடுக்கி நிக்கும். ஈரச் சாக்கு ஒண்ணு வந்துட்டா, அது நூத்தியொண்ணாவது வந்தாலும் அதத்தான மொதல்ல பிரிப்போம். காஞ்ச சாக்கு நாளைக்கும் கெடக்கும். ஈரச் சாக்கு கெடக்குமா? பள்ளிக்கூடம் போகாத பொம்பளைக்கு இது தெரியுது. ரெண்டு பேரு, அத்தன படிப்பு, அத்தன ஞாயித்துக்கெழம, இது தெரியலயா?"

மொக்கச்சாமி அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, பார்வையைச் சாலைக்குத் திருப்பினார். எந்தச் செய்தியும் தொலையக் கூடாது என்று யோசித்தேனே தவிர, எந்தச் செய்தி காத்திருக்காது என்று யோசிக்கவில்லை.

முந்தலில் இறங்கும்போது கேட்டாள். "அதச் சரி பண்ணுவீங்களா?"

"பண்ணி யாருக்கு?"

"இந்த ஜீப்புல எத்தன பொம்பளைங்க தினம் ஏறுறாளுக, பாக்கல? பண்ணிட்டுச் சொல்லுங்க. ஒருநா நானே மேல போய் அமுக்குவேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். நீங்க சோலில இருக்கும்போதுதான் அமுக்குவேன்."

பெட்டிகளைச் சரிசெய்து, புதுக் கைப்பெட்டி ஒன்றும் செய்து காளீஸ்வரியிடம் கொடுக்க இரண்டு வாரம் ஆனது. மார்ச் கடைசியில் அடுத்த பதிப்பு வெளியாகும் நாள் வந்தது. கூட்டத்தில் பதினேழு பேர் இருந்தோம், நான் பேசிக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டரைக்கு ராஜ்கமலின் குரல் அறை முழுக்க நிறைந்தது.

"மாப்ளே! ஏ மாப்ளே!"

சுஜாதா ஏதோ கேட்டார். பதில் சொல்லாமல் எழுந்து மாடிப்படி இறங்கி, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முந்தலில் மொக்கச்சாமி அண்ணன் ஜீப்புக்கு மாறி, நாற்பத்தைந்து நிமிடத்தில் பாறைப் பாதை பிரியும் வளைவை எட்டினேன். புதுக் கைப்பெட்டியோடு காளீஸ்வரி சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். தன் செல்போனில் மணியைப் பார்த்தாள். ஜீப்பில் ஏறினாள்.

இப்போது அது இப்படி வேலை செய்கிறது. 'ஆள் வேணும்' வரிசையில் நிற்பதில்லை. முன்னால் எத்தனை செய்தி இருந்தாலும் அதுதான் முதலில் கிளம்பும். வீட்டுப் பெட்டி எல்லாச் செய்திக்கும் அந்த நொடியே 'கிடைத்தது' என்று பதில் சொல்லும். 'ஆள் வேணும்' வந்தால் என் மேசையிலும், மொக்கச்சாமி அண்ணன் செல்போனிலும், காளீஸ்வரியின் செல்போனிலும் ஒரே நேரத்தில் சத்தம் கேட்கும். சத்தத்தை நிறுத்த சுவிட்ச் கிடையாது.